ஒரு மடக்கு ரசம், ஒரு வரி

"காதுல ஒயரை மாட்டிக்கிட்டு உக்காந்து கதை கேக்குறது ஒரு வேலையாம்மா? இதுக்கா உங்கப்பன் உன்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வச்சான்?"

தொட்டியத்தில், வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்தில் நின்று பெரியப்பா இப்படிக் கேட்டார். அப்பா லாரியை நோக்கி நடந்துகொண்டே இருந்தார். தோளில் தார் இருந்தது. அம்மா இலைக்கட்டை இறுக்கிக்கொண்டே, "அவளுக்குப் புடிச்சிருக்கு மாமா, போகட்டும்" என்றார். நான் அன்று மத்தியானமே பையோடு திருவானைக்காவல் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

ஆடியோ புத்தக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதச் சொன்னார்கள். எனக்கே இந்தத் தொழிலில் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

1. வேகமாகப் படிக்கிறவள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பெருமைதான். ஏழு வயதிலேயே பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாவற்றையும் வீட்டுக்குப் படித்துச் சொன்னேன். பஸ் நகர்வதற்குள் போர்டைப் படித்தாக வேண்டும். அதனால் வேகம் தானாக வந்தது.

ஸ்ரீரங்கத்தில் ரோகிணி அக்காவின் ஸ்டூடியோவில் வேலை கிடைத்ததும் அந்த வேகத்தால்தான். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, ரெக்கார்டிங்கை ஓடவிட்டார். பக்கத்துக்கும் குரலுக்கும் எங்கே வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். ஒன்பது தப்புகளில் ஒன்பதையும் பிடித்தேன்.

"கண்ணும் காதும் ஒண்ணா ஓடுது உனக்கு" என்றார் அக்கா. "ஆறு மாசம் ட்ரையல். அப்புறம் பாக்கலாம்."

வேலையின் பெயர் ப்ரூஃப் லிசனிங். குரல் கொடுப்பவர் புத்தகத்தைப் படித்து ரெக்கார்ட் செய்ததும், ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்க வேண்டும். விட்டுப்போன வார்த்தை, மாற்றிப் படித்த வார்த்தை, நாற்காலிச் சத்தம், வாய்ச் சத்தம் எல்லாவற்றையும் எந்த நிமிடம், எந்த விநாடி என்ற டைம் கோடோடு ஷீட்டில் குறிக்க வேண்டும். அந்த வரிகளை மட்டும் திரும்பப் படித்து ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் பிக்கப்.

ஸ்டூடியோவில் ஒரு விதி உண்டு. முதல் தடவை கேட்கும்போது சாதாரண வேகத்தில்தான் கேட்க வேண்டும். இரண்டாவது மாதத்திலேயே நான் அதை மீறினேன். ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் கேட்டாலும் என் காது தப்பைப் பிடித்தது. சமையல் புத்தகம், தன்னம்பிக்கைப் புத்தகம் எல்லாம் அப்படியே முடிந்தன. "நீ மட்டும் எப்படிடி சீக்கிரம் முடிக்கிறே?" என்று அக்கா கேட்பார். நான் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

2. மார்கழிக்கு வந்த நாவல்

எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். ஒன்று ஆபீஸ் காலண்டர். இன்னொன்று கோயில் உற்சவக் காலண்டர். புறப்பாடு எந்த வீதியில், எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் ரெக்கார்டிங் போடுவோம். மேளச் சத்தத்தைச் சுவரில் ஒட்டிய எந்த ஃபோமும் நிறுத்தாது.

பிரபா அண்ணா குரல் கொடுக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் ஆடியிலும் மார்கழியிலும்தான் நடக்கும். அந்த மாதங்களில் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதங்களில் அவர் கல்யாண வீடுகளில் மைக் பிடிப்பார், பட்டிமன்றத்தில் பேசுவார். திருச்சியில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஓட்டும் ஜவுளிக்கடை விளம்பரங்களில் பாதி அவர் குரல்தான். முப்பத்தைந்து வயது. இரண்டு குழந்தைகள்.

போன மார்கழிக்கு அவருக்கு வந்தது ஒரு நாவல். துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் முருகையனுக்கும், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கும் தாமஸுக்கும் நடுவில் உள்ள காதல்தான் கதை. இரண்டு ஆண்கள். ஒரே வாடகை வீடு. வெளியில் இருவரும் உறவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஸ்கிரிப்டைப் புரட்டிவிட்டு அண்ணா, "அக்கா, இது…" என்று இழுத்தார்.

"பிடிக்கலைன்னா சொல்லிடு பிரபா. வேற ஆளைப் பாக்குறேன்."

"ச்சேச்சே, அப்படியெல்லாம் இல்லக்கா. நல்லாத்தான் எழுதியிருக்காரு. நாம ப்ரொஃபஷனல். படிச்சிரலாம்."

படித்தார். பன்னிரண்டு நாளில் ரெக்கார்டிங் முடிந்தது. நான் கேட்டேன், ஷீட்டை நிரப்பினேன், பிக்கப் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம்.

3. கதவைத் திறந்து வைத்துச் சோறு

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. நாவலை எழுதிய சுந்தர் சார் வார லீவில் துவாக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். பட்டறை ஃபோர்மேன். ஐம்பதைத் தொடும் வயது. கையில் ஒரு சீப்பு பூவன் பழம். ராப்பத்து உற்சவக் கூட்டத்தில் நசுங்கிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுத்தார்.

ரெக்கார்டிங்கில் எந்த அத்தியாயம் கேட்கிறீர்கள் என்று அக்கா கேட்டதும் யோசிக்காமல் "பன்னெண்டு" என்றார். முருகையனுக்குக் காய்ச்சல். தாமஸ் முதல்முறையாக ரசம் வைத்து, சாதத்தைக் குழைத்து, ஊதி ஊதி ஊட்டுகிறான். அவ்வளவுதான் அந்தக் காட்சி. ரசத்தில் உப்பு இல்லை. முருகையன் அதைச் சொல்லிவிடுகிறான். தாமஸ் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருக்கிறான். அந்த நிமிடத்தில்தான் இவன் தன்னைவிட்டுப் போகமாட்டான் என்று முருகையனுக்குத் தெரிகிறது.

சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இந்தக் காட்சி எவ்ளோ நேரம் ஓடுச்சும்மா?" என்றார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட் சார்."

"நான் எழுத மூணு வாரம் ஆச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தப்பு ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை விடல. ஆனா எவனாவது பாத்துருவானோன்னு, கதவைத் தொறந்து வச்சிக்கிட்டே சோறு ஊட்டுற மாதிரி இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரபா அண்ணாவின் முகம் மாறியது.

"வெளியில நாங்க அப்படித்தாங்க இருந்தோம். பொழுதன்னிக்கும் அவசரம்தான்" என்றார் சார். "ஆனா இது வீட்டுக்குள்ள நடக்குறது. கதவைச் சாத்தினப்புறம்."

'நாங்கள்' என்று அவர் சொன்னதை அறையில் இருந்த எல்லோரும் கேட்டோம். அவரும் அதை மறைக்கவில்லை.

"பதினாறு வருஷமா ஒரே வீடு. அவரு ரயில்காரரு. அவங்க அப்பாவும் ரயில்வே, வடக்க எங்கேயோ ரயில்வே காலனியில பொறந்து வளர்ந்தாரு. தமிழ் நல்லாப் பேசுவாரு, ஆனா எழுத்து தெரியாது. இந்தப் புத்தகம் வந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு பக்கம்கூட அவருக்குத் தெரியாது."

"நீங்க படிச்சுக் காட்டலாமே சார்?" என்றார் அக்கா.

"நானா? அவரைப் பத்தி எழுதுனதை அவர் முன்னாடியே உக்காந்து படிக்கிறதா? என்னால முடியாதுங்க." காதை ஒருமுறை தடவிக்கொண்டார். "பொங்கல் முடிஞ்சதும் ட்ரான்ஸ்ஃபர்ல நாக்பூர் பக்கம் போறாரு. மூணு வருஷம். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கேட்டுரணும்னு ஆசை. அதான் வந்தேன். உங்களைக் குறை சொல்ல வரல."

அவர் கிளம்பியதும் பிரபா அண்ணா வெடித்தார். "எர்ரர் ஷீட்டைப் பாருங்கக்கா! சுத்தம்! இன்னும் என்ன பண்ணணும் நான்?"

ஷீட் சுத்தமாகத்தான் இருந்தது. அது என் கையெழுத்துப் போட்ட ஷீட்.

4. பதினோரு இடங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் நான் வெளியே போகவில்லை. ஸ்கிரிப்டைக் காட்சி காட்சியாகப் பிரித்து, வார்த்தைகளை எண்ணி, ஓடிய நேரத்தால் வகுத்தேன். பட்டறைச் சண்டை, டீக்கடைப் பேச்சு, முருகையனின் அக்கா வந்து அழுவது, இதெல்லாம் நிமிடத்துக்குத் தொண்ணூறு வார்த்தைகளை ஒட்டி வந்தன. முருகையனும் தாமஸும் தனியாக இருக்கும் இடங்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் நூற்று முப்பதுக்கு மேல்.

பிரபா அண்ணா ஓடியிருக்கிறார். ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல், சுத்தமாக ஓடியிருக்கிறார்.

அடுத்து என் ஷீட்டைப் பார்த்தேன். மற்ற இடங்களில் கொசு பறந்ததைக்கூடக் குறித்திருக்கிறேன். அந்தப் பதினோரு இடங்களில் மட்டும் ஷீட் வெள்ளையாக இருந்தது. ஏனென்று எனக்குத் தெரியும். அந்த இடங்கள் வந்தபோதெல்லாம் என் விரல் தானாகப் போய் வேகத்தை இரண்டு மடங்காக்கியது. காதில் ஹெட்போன் இருந்தது, யாருக்கும் கேட்காது. இருந்தும் அடுத்த மேஜையில் இருக்கும் அக்கா என் முகத்தைப் பார்ப்பார் என்று ஒரு கூச்சம். வெறுப்பு இல்லை. மற்றவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்தவள் போல, சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று இருந்தது. காய்ச்சல்காரனுக்கு ரசம் ஊட்டுவதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சாதாரண வேகத்தில் கேட்டிருந்தால் இரண்டாவது காட்சியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அவர் ஓடினார். நான் அவரைவிட வேகமாக ஓடினேன். ஓடுகிறவளுக்கு ஓடுகிறவர் எப்படித் தெரிவார்?

ட்ரையல் முடிய ஒரு மாதம் இருந்தது. சொல்லாமல் விட்டால் பழி முழுவதும் பிரபா அண்ணா மேல் விழும். என் வேலை தப்பிக்கும். ஊரில் பெரியப்பா கேட்ட கேள்வி ஒரு பக்கம். நாக்பூர் போகப்போகும் ரயில்காரர் இன்னொரு பக்கம். கணக்குப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, நான் இதை நார்மல் ஸ்பீடுல கேக்கல. ரெண்டாவது மாசத்துலேர்ந்தே கேக்குறதில்ல."

அக்கா தயிர்சாத டப்பாவை மூடினார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மடங்குலயா கேட்டே?"

"அந்தப் பதினோரு இடம் மட்டும். மத்ததெல்லாம் ஒன்றே முக்கால்."

"அடிப்பாவி! நான் உன்னைப் பாத்து, இந்தப் பொண்ணு காது தெய்வ காதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்." தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அந்த ஸ்பீட் பட்டன்ல இனிமே கை வச்சேன்னா கீபோர்டைத் தூக்கி வெளிய போட்ருவேன். உன்னையும் சேர்த்துத்தான். போ, பிரபாவைக் கூப்பிடு. நீயே சொல்லு."

பிரபா அண்ணா தாளைத் தள்ளிவிட்டார். "எனக்குக் கூச்சமா? மூவாயிரம் பேரு முன்னாடி நின்னு பேசுறவன்மா நான்!"

"நானும் ஓடினேண்ணா" என்றேன். என் வெள்ளை ஷீட்டை அவர் முன்னால் வைத்தேன். "உங்களைவிட ஜாஸ்தி."

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "தை பொறந்தா இருபது கல்யாணம் இருக்கும்மா" என்றார் மெதுவாக. "பொண்ணு வீட்டுல யாராச்சும் இதைக் கேட்டுட்டு, இந்த ஆளா மைக் பிடிக்கிறான்னு கேட்டா? அதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. படிக்கிறப்ப எனக்கே தெரியல, ஓடுறேன்னு."

அவரே எழுந்தார். "பத்து நாள் இருக்குல்ல? கேக்குறவன் கேக்கட்டும். மறுபடி படிக்கிறேன்."

5. ரசம்

பதினோரு காட்சிகள். நேரமோ கொஞ்சம். ராப்பத்துக்காக வீதியெல்லாம் ஜனம், ஸ்பீக்கர், நாதஸ்வரம். உற்சவக் காலண்டரில் அக்கா பென்சிலால் கட்டம் போட்டார். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்தான் அமைதி கிடைத்தது.

முதல் நாள் நான்கு டேக் எடுத்தோம். நான்கிலும் அதே ஓட்டம். பிரபா அண்ணா தலையில் கை வைத்தார்.

"கல்யாண வீட்டுல எதிர்ல ஜனம் இருக்கும். அவங்க முகத்தைப் பாத்தா எங்க நிறுத்தணும்னு தெரியும். இங்க சுவரைப் பாத்துக்கிட்டு எப்படிக்கா?" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவளை உள்ள உக்கார வைங்க" என்றார்.

ரெக்கார்டிங் பூத்துக்குள் இரண்டாவது ஆளை விடுவதில்லை. துணி உரசினாலும் மைக் பிடித்துவிடும். அக்கா யோசித்தார். "வளையலைக் கழட்டு" என்றார் என்னிடம். ஹெட்போன் இல்லாமல், ஸ்கிரிப்ட் இல்லாமல் தரையில் உட்கார்ந்தேன். அப்போதும் வேகம் குறையவில்லை. நான் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அன்று எதிர் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. அக்கா ரசத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, ஒரு கரண்டியும் போட்டு, கதவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"பிரபா, நல்லாக் கேளு. நீ ஒரு வரி படி. இவ ஒரு மடக்குக் குடிப்பா. அது தொண்டையில இறங்குற வரைக்கும் உனக்கு அடுத்த வரி கிடையாது."

"விளையாடுறீங்களாக்கா?"

"தாமஸ் ஊட்டுறான்ல? அவன் அடுத்த கரண்டியை எப்ப எடுப்பான்? முன்னாடி குடுத்தது உள்ள போனதுக்கப்புறம்தானே?"

ஆரம்பித்தோம். முதல் டேக்கில் நான் உறிஞ்சிய சத்தம் மைக்கில் விழுந்தது. இரண்டாவதில் மிளகு தொண்டையில் ஏறி இருமினேன். மூன்றாவதில் என் வயிறு கத்தியது, அண்ணா சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியில் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். நான்காவது டேக்கில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணா வரியைப் படித்துவிட்டு என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். 'உப்பே இல்ல' என்ற வரி வந்தது. நான் குடித்து முடித்தும் அவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. அவராகவே இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு மெதுவாக, 'தாமஸ் எழுந்து போகவில்லை' என்று படித்தார்.

அந்தக் காட்சி இப்போது ஆறு நிமிடம் இருபது விநாடி ஓடுகிறது. மீதிப் பத்தில் ரசம் தேவைப்படவில்லை. ஒன்றில் சட்டைக்குப் பட்டன் தைக்கிறார்கள், நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தேன். மற்றவற்றுக்குச் சும்மா எதிரில் உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்தது. மறுபடி ப்ரூஃப் கேட்டபோது சாதாரண வேகத்தில், முதலிலிருந்து, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் கேட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு நேரே என் ஷீட்டில் இப்படி இருக்கிறது: 'பிழை இல்லை. 03:12, கேட்டவள் மூக்கை உறிஞ்சியதால் திரும்பக் கேட்கப்பட்டது.' அக்கா அதை அழிக்கச் சொல்லவில்லை.

போகிக்கு முந்தின நாள் ஃபைல் போனது; ரசம் கதையையும் அக்கா சாரிடம் சொல்லியிருந்தார். பொங்கலன்று காலையில் சுந்தர் சார் அக்காவுக்கு ஃபோன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டாருங்க. பன்னெண்டுல நிறுத்திட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அரை மணி கழிச்சு வந்து, 'உப்பு போட மறந்தது நீதானே, காய்ச்சல்காரன் நான்தானே, புத்தகத்துல ஏன்யா மாத்தி எழுதியிருக்கே'ன்னு சண்டைக்கு வராரு!" பின்னால் பிரபா அண்ணாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப மறுபடி மொதல்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்காரு. நாக்பூர் ரயில்லயும் இதான் ஓடப் போவுதாம். அந்தப் பிரபா தம்பிக்கும், ரசம் குடிச்ச பொண்ணுக்கும் சொல்லிருங்க. ரொம்ப நன்றிங்க."

நான்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் குறை சொல்லாமல் போயிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டே இருந்திருப்பேன். என்னை அனுப்பிவிடாமல் டம்ளரைக் கொடுத்த ரோகிணி அக்காவுக்கும், தன் கூச்சத்தை வெளியில் சொன்ன பிரபா அண்ணாவுக்கும் அதே நன்றி. தையில் அவர் மைக் பிடித்த கல்யாணங்கள் இருபத்தொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்று கூடியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஷீட் எந்த இடத்தில் வெள்ளையாக இருக்கிறதோ, அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். அங்கே தப்பு இல்லாமல் இருக்கலாம். நீங்களே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

6. கதவு

மாட்டுப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நாவலை அம்மாவின் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். என்ன கதை என்பதையும் சொன்னேன். "ரெண்டு ஆம்பளைங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு இலை அடுக்கிக்கொண்டே கேட்க ஆரம்பித்தார். மறுநாள் பெரியப்பா வந்தார்.

"என்னம்மா, இப்ப நீயும் ஒயரை மாட்டிக்கிட்டியா? என்னதான் ஓடுது அதுல?"

அம்மா ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். "சித்த சும்மா இருங்க மாமா. அந்தப் புள்ளைக்குக் காய்ச்சலா இருக்கு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அடுத்த இலைக்கட்டை அம்மா பக்கம் நகர்த்தினேன்.

ட்ரையல் முடிந்து வேலை உறுதியான அன்று, சுந்தர் சாரின் இரண்டாவது நாவலுக்கு நானே குரல் இயக்கம், அதாவது எங்கே நிற்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் வேலையை, செய்யட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்; சரி என்றார். நாங்கள் ஆடி பிறக்கும் வரை காத்திருக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்துப் போன வாரமே ஆரம்பித்துவிட்டோம். ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில், இயக்கம் என்று போட்டிருந்த இடத்தில் என் பெயரை அப்பாவின் இனிஷியலோடு எழுதினேன்.

பிரபா அண்ணா மைக் முன்னால் உட்கார்ந்து, "இன்னிக்கு என்னம்மா குடிக்கப் போற?" என்றார்.

முதல் காட்சியில் இஞ்சி டீ இருந்தது. வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பூத் கதவைச் சாத்தினேன்.